எந்தக் கடை எக்ஸ்பிரஷன், நைனா?

நீ படிச்ச பையன் நைனா. உனக்கு நான் புத்தி சொல்றதா? இருந்தாலும் அனகாபுத்தூர்ல வயசானவன் வேற என்னா செய்யறது, சொல்லு. தெருவெல்லாம் தறி ஓடின காலத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே காதுல விழாது; அதனால ஊரு ஒத்துமையா இருந்துச்சு. இப்போ தறி குறைஞ்சு போச்சு, காது தெளிஞ்சு போச்சு. மீனம்பாக்கத்து பிளேன் தலைக்கு மேல உறுமுற அந்த அரை நிமிஷம் போக, மீதி நேரம் உங்க வூட்டுல பேசுறது அத்தனையும் எங்க திண்ணைக்கு வந்துடுது. ஒட்டுக் கேக்கலை. தானா வருது.

அப்படி வந்ததுல ஒரு வார்த்தை என்னை ஒரு வழி பண்ணிடுச்சு. எக்ஸ்பிரஷன்.

மருமவப் பொண்ணுகிட்ட ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்களாம்: வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எக்ஸ்பிரஸ் பண்ணி வச்சுட்டுப் போங்க. உன் பெரிய பையன் கணக்கு நோட்டை விட்டெறிஞ்சுட்டு, ‘இந்த எக்ஸ்பிரஷன் எனக்கு வராது’ன்னு அழுவுறான். உன் தங்கச்சி பயோடெக் படிக்குதே, அது ராத்திரி பன்னெண்டு மணிக்கு மொட்டை மாடியில நின்னு ஃபோன்ல சொல்லுது: ‘எக்ஸ்பிரஷன் ரொம்பக் கம்மியா இருக்குடி, எவ்ளோ காத்திருந்தும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.’ அதைக் கேட்டுட்டு உங்கம்மா, பொண்ணு யாரையோ விரும்புறா, அந்தப் பையன்தான் வாயைத் திறக்க மாட்டேங்குறான்னு முடிவு கட்டி, காலையில ஜாதகத்தைத் தூசி தட்டிட்டாங்க. உன் மச்சான் வக்கீலு; சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு ‘ஃப்ரீடம் ஆஃப் எக்ஸ்பிரஷன்’னு டிவிக்குப் பதில் சொல்றாரு. பேர் வைக்கிற அன்னிக்கு வந்த போட்டோகிராபர் உன்னைப் பாத்து, ‘சார், கொஞ்சம் எக்ஸ்பிரஷன் குடுங்க’ன்னான். குடுத்தே பாரு ஒண்ணு! பல்வலிக்காரன் மூஞ்சி தேவலாம். அதோட விட்டியா? பந்தி முடியறதுக்குள்ள லேப்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, ‘இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் என் உயிரை எடுக்குது’ங்கிறே.

ஒரே வூடு, ஒரே வார்த்தை, ஆறு பேரு. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியல. புரியலைன்னு ஒருத்தருக்கும் தோணவும் இல்ல. படிப்புன்னா அதான் போல.

எனக்கும் அந்த வார்த்தை தெரியும் நைனா. நாலாங்கிளாஸோட நின்னவனுக்கு எப்படின்னு பாக்குறியா? தறி சோறு போடாத காலத்துல நான் சாயப்பட்டறைக்குப் போனவன். அங்கே பேடிங் மேங்கிள்னு ஒரு மிஷின். ரப்பர் உருளை ரெண்டு, ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். கீழே சாயத் தொட்டி. துணி தொட்டியில முங்கி எழுந்து, உருளைக்கு நடுவுல புகுந்து பிழிஞ்சு வெளிய வரும். அந்தப் பிழிசலுக்குத்தான் அங்கே எக்ஸ்பிரஷன்னு பேரு. சூப்பர்வைசர் காலையில வந்ததும் ‘சாப்ட்டியா’ன்னு கேக்க மாட்டாரு, ‘எக்ஸ்பிரஷன் எவ்ளோ’ன்னுதான் கேப்பாரு. துணியோட இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு இடத்துல துண்டு வெட்டணும். முங்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, பிழிஞ்சு வந்ததும் ஒரு எடை. 100 கிராம் துண்டு 170 கிராமா வந்தா எக்ஸ்பிரஷன் 70. சிலேட்டுல எழுதி வச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கணும்.

இதுல இருக்கிற வேடிக்கையை கவனி. 70ன்னா பிழிஞ்சு வெளிய போன தண்ணி 70ன்னுதானே நீ நினைப்பே? அது இல்ல. துணிக்குள்ள தங்கின தண்ணிதான் 70. பேரு பிழியிறதுக்கு, அளவு தங்கினதுக்கு. 90ன்னு வந்தா துணி சொட்டச் சொட்ட வருதுன்னு அர்த்தம். அதைக் காய வைக்க எரிபொருள் தண்டம். அது மட்டுமில்ல, காயும்போது சாயம் ஈரத்தோட சேர்ந்து மேல் பக்கம் ஓடி வந்து திட்டுத் திட்டா நிக்கும். அதுக்காக ரொம்ப நெருக்கிப் பிழிஞ்சியோ, துணி குடிக்கச் சாயமே பத்தாது. ஓரத்துல ஒரு நம்பரும் நடுவுல ஒரு நம்பரும் வந்துடுச்சுன்னா அன்னிக்கு நமக்குச் சனி: தைச்ச சட்டையில கை ஒரு கலரு, முதுகு ஒரு கலரு.

உங்க ஆளுங்களைப் பாக்கும்போது அந்த மேங்கிள்தான் ஞாபகத்துக்கு வருது. காபி ஆறிப் போனா ஸ்டேட்டஸ், ஆறலைன்னா ஸ்டேட்டஸ். பிழிஞ்சு பிழிஞ்சு ஊர் முழுக்கக் கொட்டுறீங்க. உள்ள எவ்ளோ தங்கிச்சுன்னு எவனும் எடை போட்டுப் பாத்ததா தெரியல.

சரி, ஒவ்வொண்ணா வருவோம். மருமவகிட்ட நர்சம்மா சொன்னதுதான் எங்க பட்டறை அர்த்தத்துக்கு நெருங்கின சொந்தம். தாய்ப்பாலைக் கையால பீய்ச்சி எடுத்து வைக்கிறது. இதுல நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, ‘அது பொம்பளைங்க சமாச்சாரம்’னு போனே பாரு, அதைத்தான் நான் கண்டிக்கிறேன். பாட்டிலைக் கழுவி வெந்நீர்ல போடுறது, எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுறது, இதுக்கெல்லாம் பொம்பளையா பொறக்க வேண்டியதில்ல. 25 டிகிரி வரைக்கும் இருக்கிற ரூம்ல 4 மணி நேரம் தாங்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல உன் ஹால்ல 25 டிகிரி எங்கே இருக்கு? எடுத்த உடனே ஃப்ரிட்ஜுல வை. அதுவும் கதவுப் பக்கம் வேணாம், உள்ள தள்ளி வை. எடுக்க எடுக்கத்தான் அது சுரக்கும். வேலைக்குப் போற பொண்ணு எடுக்காம விட்டா மாரு கட்டிக்கிட்டு வலியும் காய்ச்சலும்தான் மிச்சம்.

நாங்க மட்டும் ஒழுங்கான்னு கேக்காதே. எங்க காலத்துக் கிழவிங்க மஞ்சளா வர்ற சீம்பாலை ஆகாதுன்னு பீய்ச்சி மண்ணுல விட்டாங்க. குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்தே அதுதான்னு இப்போ ஊருக்கே தெரியும். நம்ம தமிழ்நாட்டுல 2015ல பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டுற அறை திறந்தாங்க, அரசு ஆஸ்பத்திரிகள்ல தாய்ப்பால் வங்கி வச்சாங்க. 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யற இடத்துல குழந்தை காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துக்கலாம்னு எழுதினாங்க. உங்க ஆபீஸ்ல இருக்குதா? விசாரிச்சியா? பிரியாணி எந்தக் கடையில நல்லாருக்கும்னு மட்டும் விசாரிச்சு வச்சிருக்கே.

உன் பையன் விவகாரம் சின்னது. எதிர் வூட்டுப் பொண்ணு தமிழ் மீடியம். அது புத்தகத்துல கணக்கு எக்ஸ்பிரஷனுக்குப் பேரு கோவை, இயற்கணிதக் கோவை. அதைப் பாத்துட்டு உன் பையன், ‘தாத்தா, இது கோயமுத்தூரா’ங்கிறான். நான் சும்மா இருப்பேனா? ‘ஆமாண்டா. எக்ஸ்பிரஷன்னா கோவை, எக்ஸ்பிரஸ்னா கோவை எக்ஸ்பிரஸ். ஆனா அது தாம்பரம் பக்கம் வராது, சென்ட்ரல்ல போய் ஏறணும்’னேன். பரீட்சையில எழுதித் தொலைக்காம இருந்தா சரி. அவன் செய்யற தப்பு என்னான்னு பாத்தேன். 2எக்ஸ் கூட்டல் 3னு ஒரு கோவை குடுத்து இதுல எத்தனை உறுப்புன்னு கேட்டா, இவனா பக்கத்துல சமம் போட்டு, பூஜ்ஜியத்தை எழுதி, எக்ஸோட விலையைக் கண்டுபிடிச்சுட்டு வந்து நிக்கிறான். சமக்குறி வந்துட்டா அது சமன்பாடு. கோவையில சமக்குறி கிடையாது, அதுக்கு விடையும் கிடையாது. சுருக்குன்னா சுருக்கு, அத்தோட விடு. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற குணம் அவனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ இன்னிக்குக் காலையில உன் மாமனார்கிட்ட பேசினதை நெனச்சுப் பாத்துக்கோ.

இப்போ உன் உயிரை எடுக்குற ரெகுலர் எக்ஸ்பிரஷன். ஸ்டீபன் கிளீனின்னு ஒரு அமெரிக்கக் கணக்கு மேதை, 1951ல நரம்பு வலை எப்படி வேலை செய்யும்னு கணக்குல எழுதிப் பாக்கப் போயி உண்டாக்கின சமாச்சாரமாம். எழுத்து எந்த ஒழுங்குல வரலாம்னு சுருக்கமா எழுதி வைக்கிற குறிப்புன்னு உன் தங்கச்சி விளக்குச்சு. அட, இது எங்க பாவுச் சீட்டு மாதிரியில்ல இருக்குது! கட்டம் போட்ட துணிக்குப் பாவு ஓடும்போது சிவப்பு 24 இழை, வெள்ளை 4, நீலம் 12, மறுபடியும் வெள்ளை 4னு ஒரு தடவை எழுதி, ‘இதே மாதிரி கடைசி வரைக்கும்’னு ஒரு கோடு கிழிச்சுடுவோம். ஆயிரக்கணக்கான இழைக்கு ஒரு வரி போதும். நீங்க அதுக்கு நட்சத்திரக் குறி போடுறீங்க.

ஆனா ஒண்ணு கேட்டுச் சிரிச்சுட்டேன். அனகாபுத்தூருக்கு எத்தனை எழுத்துன்னு உன் மிஷின்கிட்ட கேட்டியாமே, 12ன்னுச்சாமே! அ, ன, கா, பு, த், தூ, ர். விரல் விட்டு எண்ணு, ஏழுதான். மிஷின் என்னா பண்ணுது, கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு குடுத்து எண்ணுது. யூனிகோடுல தமிழை அப்படி அடுக்கி வச்சுட்டாங்க. ஒரு புள்ளி போட்டா ஒரு எழுத்துன்னு நீ குறிப்பு எழுதினா அது ‘பு’வைப் பிளந்து பானாவை மட்டும் தூக்கிக்கிட்டுப் போயிடும். பிழை மிஷின்மேல இல்ல. தமிழ்ல எழுத்துன்னா என்னான்னு முதல்ல அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். அதுக்கு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டாங்கிளாஸ்ல படிச்சே, மறந்துட்டே.

உன் தங்கச்சியோட எக்ஸ்பிரஷன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜாதகத்தை மூடி வைக்கச் சொல்லு, அது மரபணு வெளிப்பாடு. சிவப்பணு மாதிரி ஒண்ணு ரெண்டை விட்டுட்டா, உடம்புல எந்தச் செல்லைத் திறந்தாலும் உள்ள அதே மரபணுக் கட்டுதானாம். கண்ணுக்கும் அதான், கல்லீரலுக்கும் அதான். கண்ணுல கல்லீரல் வேலைக்கான பக்கங்களைத் திறக்கறதில்ல. அவ்ளோதான் வித்தியாசம். சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவோம். இங்கே எல்லாச் சட்டியிலயும் எல்லாமே இருக்குது; அகப்பையில வர்றது அந்தந்த இடத்துக்கு வேண்டியது மட்டும். பிரான்சுல ஜேக்கப், மோனோன்னு ரெண்டு பேரு 1961ல இதுக்குச் சாவி எங்கே இருக்குன்னு எழுதினாங்க; 1965ல லுவோஃப்னு இன்னொருத்தரையும் சேத்து மூணு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. அவங்க பாத்தது குடல்ல வாழுற ஒரு பாக்டீரியாவை. அது முன்னால குளுக்கோஸும் பால் சர்க்கரையும் சேத்து வச்சா, குளுக்கோஸைத்தான் முதல்ல தின்னும். அது தீர்ந்து, பால் சர்க்கரை மட்டும் மிச்சம் இருந்தாத்தான் அதைச் செரிக்கிற நொதியை மும்முரமா செய்ய ஆரம்பிக்கும். வேலை இல்லாத நேரத்துல வாயைத் திறக்காத அந்தக் கிருமிக்கு இருக்கிற அடக்கம், காலையில அஞ்சு மணிக்கு ‘குட் மார்னிங்’ அனுப்புற உங்க பெரியப்பாவுக்கு இல்லையே நைனா.

மூஞ்சி சமாச்சாரத்துக்கு வரேன். இதுல உனக்கு அக்கறை இருக்கும், ரீல்ஸ் போடுறவனாச்சே. ‘சார், எக்ஸ்பிரஷன் குடுங்க’ன்னு அவன் கேட்டது முகபாவம். இந்த பாவம் நம்ம பாஷைக்கு வந்து பட்ட பாடு பெரிசு. நடிக்கிறவன் மூஞ்சியில காட்டுனா பாவம், காட்டத் தெரியாம முழிச்சா ‘ஐயோ பாவம்’, அவனை மேடையேத்தினவன் செஞ்சது மகா பாவம். மூணுக்கும் எழுத்து ஒண்ணுதான். தொல்காப்பியத்துல இதுக்குன்னே ஒரு இயல் வச்சு மெய்ப்பாடுன்னு பேரு குடுத்திருக்காங்க. அழுகை, நகை, வெகுளி, உவகை, பெருமிதம், அச்சம், மருட்கை, இளிவரல்னு எட்டு. ஒவ்வொண்ணும் பொறக்க நாலு நாலு காரணம், ஆக முப்பத்திரண்டு. நகை பொறக்க அதுல ஒரு காரணம் எள்ளல். அதனால நான் உன்னைக் கிண்டல் பண்றது இலக்கண சுத்தமா நடக்குது, கோவிச்சுக்காதே. உன் ஃபோன்ல பொம்மை மூஞ்சியும் மத்த படமுமா 3,000க்கு மேல வச்சிருக்காங்களாம். இருந்தும் பாரு, போன மாசம் ஒரு துக்கச் செய்திக்கு உங்க சித்தப்பா கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சியை அனுப்புறேன்னு, விழுந்து விழுந்து சிரிக்கிற மூஞ்சியை வரிசையா அனுப்பிட்டாரு. எட்டோட நிறுத்தியிருந்தா இந்த வம்பு உண்டா?

நம்ம பக்கத்து ஊரைப் பேருக்கு முன்னால தூக்கிக்கிட்டு நடந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல சுகுண விலாச சபைன்னு ஆரம்பிச்சு, படிச்சவங்க, உத்தியோகஸ்தருங்கள்லாம் மேடையேறி நடிக்கலாம்னு ஆக்கி வச்சவர். அதுக்கு முன்னாடி கூத்தாடின்னா கௌரவக் குறைச்சல். அவரே பகல்ல வக்கீலு, அப்புறம் ஸ்மால் காஸ் கோர்ட்டுல ஜட்ஜு. சாயங்காலமானா மனோகரனா நின்னு கர்ஜனை. எனக்கு அதுலதான் ஆச்சரியம். ஜட்ஜு ஆசனத்துல உட்கார்ந்தா இந்தப் பக்கம் சாயறாரா அந்தப் பக்கம் சாயறாரான்னு மூஞ்சி காட்டிக் குடுக்கக் கூடாது. மேடையில கடைசி வரிசையில இருக்கிறவனுக்கும் மூஞ்சி தெரியணும். எங்கே திறக்கணும், எங்கே மூடணும்னு அந்த ஒரு மூஞ்சிக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவரோட மனோகரா 1954ல சினிமாவா வந்தப்போ சிவாஜி சங்கிலியோட நின்னதை ஊரே பேசுச்சு. அதைப் பாத்துட்டுத் தெருவுக்குத் தெரு பசங்க மாட்டுச் சங்கிலியைக் கட்டிக்கிட்டு உறுமினானுங்க. மூஞ்சி வரலை, சங்கிலி மட்டும் வந்துச்சு. நீயும் அந்தப் பரம்பரைதான்.

பாஸ்போர்ட்டு எடுக்கப் போனியே, அங்கே என்னா சொன்னாங்க? வாயை மூடு, கண்ணைத் திற, சிரிக்காதே, எக்ஸ்பிரஷனே இருக்கக் கூடாது. அந்தப் போட்டோவுலதான் நீ பாக்க லட்சணமா இருக்கே. இதை உன் சம்சாரமும் ஒத்துக்குச்சு.

கடைசியா உன் மச்சான். அரசியல் சட்டம் 19(1)(அ), பேச்சுரிமையும் கருத்தை வெளியிடற உரிமையும். கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாரு. அடுத்தவன் பேச ஆரம்பிச்சா ரிமோட்டை எடுத்துடுவாரு. அவருக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ, அந்த உரிமைக்கு வந்த ஆரம்ப காலப் பெரிய வழக்கே நம்ம மெட்ராஸ் சர்க்கார் மேலதான். பம்பாயிலேருந்து ரொமேஷ் தாப்பர் நடத்தின ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகை மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள வரக் கூடாதுன்னு தடை போட்டாங்க. சட்டம் அமலுக்கு வந்து நாலாவது மாசம், 1950 மே மாசத்துல, சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடை செல்லாதுன்னுச்சு. சர்க்கார் விட்டுச்சா? மறு வருஷமே முதல் திருத்தம் கொண்டு வந்து, பொது ஒழுங்குன்னு ஒரு திருகாணியைக் கூடப் போட்டு இறுக்கிட்டாங்க. உரிமை எவ்ளோங்கிறதை 19(2)ல என்னென்ன விலக்கு இருக்குன்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

சில சமயம் சர்க்கார் வேணாம், ஊரே இறுக்கிடும். திருச்செங்கோட்டுக்காரங்க எதிர்த்ததுல 2015ல பெருமாள்முருகன், எழுத்தாளன் செத்துட்டான்னு தானே அறிவிச்சார். ‘மாதொருபாகன்’ நாவல்தான் விவகாரம். மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2016 ஜூலையில அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, எழுதுங்கன்னு அனுப்பி வச்சுது. அவர் எழுதவும் ஆரம்பிச்சார். பிடிக்கலைன்னா படிக்காதே, புத்தகத்தை மூடி வைன்னு நான் அப்பவே சொன்னேன். எங்கிட்ட யாரு கேட்டா?

துணிக்காரனான எனக்கு ஒரு தீர்ப்புதான் மனசுல நிக்குது. 2004ல நவீன் ஜிண்டால் வழக்குல, மரியாதையோட தேசியக் கொடி ஏத்துறதும் எக்ஸ்பிரஷன்தான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு. ஆகா, துணி ஒண்ணு பேசுதுன்னு கோர்ட்டே ஒத்துக்கிச்சேன்னு சந்தோஷப்பட்டேன். அப்பவும் கொடின்னா கையால நூத்து, கையால நெஞ்ச துணியா இருக்கணும். 2021 டிசம்பர்ல கொடி விதியை மாத்தி, மிஷின்ல நெஞ்சதும் ஆகும், பாலியஸ்டரும் ஆகும்னுட்டாங்க. கருத்து உன்னுது, துணி மில்லுக்காரனுது. நான் கோவமா சொல்லல நைனா. ஆகஸ்டு 16ந் தேதி குப்பைத் தொட்டியைப் பாத்துட்டு அப்புறம் பேசு.

பேரு ஒண்ணு, பொருளு வேறங்கிற வியாபாரம் இந்த ஊருக்குப் புதுசுன்னு நினைச்சுடாதே. இன்னிக்கு நாம தாம்பரம் மாநகராட்சி. 2021 வரைக்கும் தனி நகராட்சி. அதுக்கெல்லாம் முன்னாடி இது கைக்குட்டை வித்த ஊரு. ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்னு முத்திரை குத்தி நைஜீரியாவுக்குக் கப்பல்ல போகும். கைக்குட்டைன்னு பேரே தவிர, உலகத்துல ஒருத்தன் கூட அதுல மூக்கைச் சிந்தலை. 36 அங்குல அகலம், 8 கஜ நீளம். அதுல மூக்கைத் துடைக்கணும்னா யானைக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கணும். அங்கத்திப் பொம்பளைங்க கல்யாணம் காட்சிக்கு இடுப்புல சுத்திக்கிட்டாங்க. நைஜர் ஆத்து முகத்துவாரத்துல கலபாரின்னு ஒரு ஜனம். அவங்க நம்ம துணிக்கு இஞ்சிரின்னு அவங்க பாஷையில பேரு வச்சு, குடும்பச் சொத்தா பெட்டியில போட்டு வச்சுக்கிட்டாங்க.

அதோட நிக்கலை. வாங்கின துணியை விரிச்சு வச்சு, கலபாரிப் பொம்பளைங்க ஊசியால ஒரு இழையைத் தூக்குவாங்க, பிளேடால அறுப்பாங்க, உருவி எறிவாங்க. அடுத்த இழை. இப்படியே துணி முழுக்க. நாங்க குழித் தறியில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு இழையா உள்ள விட்டது. அவங்க ஒவ்வொரு இழையா வெளிய எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும் துணியில வேற ஒரு கட்டம், வேற ஒரு கோலம், வலை மாதிரி தெரியும். நம்ம கைவேலை மறைஞ்சு அவங்க கைவேலை வந்துடும். அதுக்குப் பேரு பெலெட்டே பிட்டே, வெட்டின துணின்னு அர்த்தம். முதல்ல கேட்டப்போ எனக்கு வயிறு எரிஞ்சுது. ராப்பகலா நெஞ்சதை அறுக்குறாங்களேன்னு. அப்புறம் யோசிச்சேன். எதைச் சேர்க்கறதுன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி, எதை எடுக்கறதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உன் ரீல்ஸ்ல பாட்டு, மினுக்கு, எழுத்து, பூனைக் காதுன்னு எல்லாத்தையும் சேர்க்கறே. அதுல ஒரு இழையை உருவிப் பாரேன்.

அமெரிக்காக்காரன் கதை வேற. 1958 வாக்குல மெட்ராஸ் கட்டச் சட்டை அங்கே போய், துவைச்சதும் சாயம் ஓடி, பக்கத்துல ஊறின வெள்ளைச் சட்டையெல்லாம் கலராகி, பெரிய ரகளை. குளிர்ந்த தண்ணியில தனியா அலசணும்னு வாங்கினவனுக்கு யாரும் சொல்லல. வியாபாரி லேசுப்பட்டவனா? கட்டாயம் சாயம் ஓடும், அதுக்கு நாங்க காரண்டின்னு விளம்பரம் குடுத்து வித்துட்டான். எங்க பட்டறையில சாயம் ஓடினா கூலியைப் பிடிச்சாங்க. அவன் அதைக் குணம்னு சொல்லிக் காசு பாத்தான்.

நைஜீரியா சர்க்கார் வெளிநாட்டுத் துணிக்குத் தடை போட்டதும் நம்ம ஊரு படுத்துச்சு. மிச்சம் இருக்கிற சில பேரு வாழைநார், சணல், கற்றாழை நாருன்னு கலந்து புடவை நெஞ்சு காட்டுறாங்க. வாழைநாரைத் தோலு சீவி, காய வச்சு, முடிச்சுப் போட்டு நூலாக்கறதுக்குள்ள விரல் தேஞ்சுடும். அதைப் பாக்க வர்றவங்க என்னா சொல்றாங்க தெரியுமா? ‘வாவ், வாட் அன் எக்ஸ்பிரஷன்!’ சொல்லிட்டு, போட்டோ எடுத்துட்டு, வாங்காம போயிடுறாங்க.

அதனால நைனா, போய் முதல்ல அந்தப் பாட்டில்ல நேரத்தை எழுதி ஒட்டு. பையன் நோட்டுல சமக்குறியை அழி. உங்கம்மாகிட்ட ஜாதகத்தை வாங்கி உள்ள வை. இனிமே யாராவது வந்து உன் எக்ஸ்பிரஷன் சரியில்லன்னா, எந்தக் கடை எக்ஸ்பிரஷன், கணக்குக் கடையா, கோர்ட்டுக் கடையா, சாயக் கடையான்னு நிதானமா கேளு. திமிர் பிடிச்ச பையன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், 19(1)(அ) அவங்களுக்கும்தானே குடுத்திருக்குது.